அத்தியாயம் 11: வாயில்லாச் சீவனுக்காகப் பேசுவது

"அண்ணை, நாய்க்காகவும் இங்க கேஸ் போடுவினமோ?"

பாரிசில், ரூ காய் மூலையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். வெண்டிக்காய்ப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவர் குடியிருப்பது புறநகரில், மாடிக் குடியிருப்பு ஒன்றில். எதிர்ப் பல்கனியில் ஒரு நாய். மார்கழிக் குளிரிலும் அது உள்ளே போனதை அவர் காணவில்லை. இரவு முழுக்க ஊளையிடும், விடியப்புறம் களைத்து ஓய்ந்துவிடும். "மனுசிக்குச் சாப்பாடு இறங்குதில்லை" என்றார். ஆனால் பொலிசுக்குப் போக மனம் வரவில்லை. அயலோடு பகை வேண்டாம், பிரெஞ்சும் தட்டுத்தடுமாறித்தான் வரும், வந்த நாட்டில் வம்பு எதற்கு என்ற பயம். நம் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இப்படிப் பயப்படுகிறவர்கள் நூறு பேரையாவது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

போடுவார்கள் தம்பி. வழக்கும் போடுவார்கள், மறியலுக்கும் அனுப்புவார்கள். அந்த வழக்கு எழும்பி நிற்பதற்கு உங்களைப் போல ஒருவர் கண்டதை ஒழுங்காக எழுதி, உரிய இடத்தில் கொடுக்க வேண்டும். கோபமும் கண்ணீரும் ஒரு நாயையும் காப்பாற்றியதாக நான் காணவில்லை. திகதி போட்ட ஒரு கடதாசி காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன். இந்த அத்தியாயம் அந்தக் கடதாசியைப் பற்றியது.

சட்டம் எங்கே நிற்கிறது

பிரான்சில் மிருகங்களுக்கான முதற் சட்டம் 1850 யூலை 2 இல் வந்தது. அதைக் கொண்டுவந்த தளபதியின் பெயரால் கிராமோன் சட்டம் என்பார்கள். வீட்டு மிருகத்தைப் பொது இடத்தில் வதைத்தால் 5 முதல் 15 பிராங்கு வரை தண்டம், 1 முதல் 5 நாள் வரை சிறை. 'பொது இடத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீதியில் குதிரையை அடித்தால் குற்றம், லாயத்துக்குள் வைத்து அடித்தால் குற்றமில்லை. பார்க்கிறவர் மனம் நோகக் கூடாது என்பதுதான் அன்றைய அக்கறை. குதிரையின் நோவு கணக்கில் வரவில்லை. 1959 இல்தான் அந்தச் சொல் நீங்கியது. 1976 யூலை 10 ஆம் திகதிச் சட்டம் மிருகத்தை உணர்வுள்ள சீவன் என்றது. 2015 இல் குடியியற் சட்டக்கோவையும் அதையே எழுதிக்கொண்டது.

"என்ர நாய், என்ர வீடு, நான் என்னவும் செய்வன்" என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாதம் இந்த நாட்டில் செத்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது.

இப்போது நடைமுறையில் இருப்பதில் முக்கியமானது 2021 நவம்பர் 30 ஆம் திகதிச் சட்டம். நாயைக் கொடூரமாக வதைத்தால் 3 ஆண்டு வரை சிறை, 45,000 யூரோ வரை தண்டம். வதையால் நாய் இறந்தால் 5 ஆண்டு, 75,000 யூரோ. சிறுபிள்ளை பார்த்திருக்கச் செய்தால் தண்டனை கூடும். நாயைக் கைவிடுவதற்கும் வதைக்குரிய அதே 3 ஆண்டு, 45,000 யூரோதான். தேவையில்லாமல் நாயைக் கொல்வது 6 மாதச் சிறையும் 7,500 யூரோவும் கொண்டுவரும் குற்றம். அந்த அளவுக்குப் போகாத அடி, பட்டினி போன்ற துன்புறுத்தலுக்கு 750 யூரோ வரை. கவனக்குறைவால் காயப்பட வைத்தால் 450 யூரோ வரை.

ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையில் 1907 ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சத் தண்டம் 100 ரூபாய். இந்தியாவில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960 இல் வந்தது. அதற்கு வழி திறந்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அதை முதலில் கொண்டுவந்தவர் அவர். மிருகங்களுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றவர் ஒரு தமிழ்ப் பெண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்திலும் முதற் குற்றத்துக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இப்படிப்பட்ட சட்டங்களோடு வளர்ந்த நமக்கு, நாய்க்கும் வழக்கா என்ற கேள்வி வருவதில் வியப்பில்லை.

கண்டால் என்ன செய்வது

உயிர் போகும் நிலை என்றால் யோசிக்க வேண்டாம். யாரோ நாயை இந்த நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார், அல்லது வெயிலில் பூட்டிய காருக்குள் நாய் நாக்குத் தள்ளிக் கிடக்கிறது என்றால் 17 ஐ அழையுங்கள். நாயின் உயிருக்கு ஆபத்து என்றால் காரைத் திறக்கப் பொலிசுக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: வீதி இலக்கம், வீதிப் பெயர், வட்டாரம். பிறகு 'மல்த்ரேத்தான்ஸ் அனிமால்' என்ற இரண்டு சொற்கள். மிருகவதை என்பதற்கு இங்கே அதுதான் பெயர். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.

நாட்கணக்காக நடக்கிற வதைக்கு வேறு வழி. மரக்கறிக் கடைத் தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

பிள்ளையின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றை எடுத்தோம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. திகதி, மணி, கண்டது. 'பாவம் அந்த நாய்' என்று எழுதக் கூடாது. 'காலை 6.40. பல்கனியில் நாய். தண்ணீர்ச் சட்டி இல்லை. மழை. விரிப்பு இல்லை' என்று எழுத வேண்டும். 'அவன் குடிகாரன்' என்று எழுதக் கூடாது. 'இரவு 11.15. ஆண் ஒருவர் வாரினால் மூன்று தரம் அடித்தார். நாய் கத்தியது' என்று எழுத வேண்டும். நாயின் நிறம், உயரம், எலும்பு தெரிகிறதா, நொண்டுகிறதா, கழுத்தில் புண் இருக்கிறதா. தம்பியின் மனைவி இதில் அவரைவிடக் கெட்டிக்காரி. சங்கிலியின் நீளத்தைப் பல்கனிக் கம்பிகளை எண்ணியே கணக்கிட்டுவிட்டார். ஏழு கம்பி இடைவெளி, ஒரு மீற்றரும் வராது. நாயை நிலையான இடத்தில் கட்டினால் சங்கிலி குறைந்தது 3 மீற்றர் இருக்க வேண்டும் என்று 1982 ஒக்டோபர் 25 ஆம் திகதி ஆணை சொல்கிறது. ஓடுகம்பியில் கட்டினால் 2.50 மீற்றர். அந்த ஒரு வரியே முறைப்பாட்டுக்குப் பாதிப் பலம்.

உங்கள் வீட்டு யன்னலிலிருந்து படம் எடுக்கலாம், காணொளி எடுக்கலாம். ஆனால் அதை வாட்சப் குழுவிலும் ரிக்ரொக்கிலும் போடாதீர்கள். மிருகவதைக் காட்சியை இணையத்தில் பரப்புவதற்கு 2 ஆண்டுச் சிறையும் 30,000 யூரோத் தண்டமும் அதே 2021 சட்டத்தில் இருக்கிறது. சாட்சிக்காக எடுத்ததற்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. ஆகவே அது சாட்சியாகவே போகட்டும். எடுத்த கோப்பை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், அப்படியே வைத்திருங்கள்.

கொப்பி நிறைந்ததும் எங்கே கொடுப்பது? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது மிருகப் பாதுகாப்புச் சங்கங்கள். எஸ்.பே.ஆ. என்று எல்லாரும் அறிந்த சங்கம் 1845 இல் பாரிசில் தொடங்கியது. தலைமையகம் 17 ஆம் வட்டாரத்தில், புல்வார் பெர்த்தியேயில். இணையத்தில் முறைப்பாட்டுப் படிவம் உண்டு. அவர்களுடைய தொண்டர் விசாரணையாளர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள். முறைப்பாடு செய்தவர் யார் என்று நாய்க்காரரிடம் சொல்வதில்லை. 3677 என்ற இலக்கத்திலும் மிருகவதையைத் தொலைபேசியில் சொல்லலாம். விசா நிலை சரியில்லாமல் பொலிஸ் வாசலுக்கே போகப் பயப்படுகிறவர்களுக்கு இந்த வாசல்தான் நல்லது. இதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும்: சங்கத்தாருக்குக் கதவை உடைக்கும் அதிகாரமில்லை. நாய்க்காரர் விட்டால்தான் உள்ளே போகலாம்.

இரண்டாவது அரசின் மிருக வைத்தியப் பரிசோதகர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் டே.டே.பே.பே. என்று சுருக்கமாகச் சொல்லும் மக்கள் பாதுகாப்புத் திணைக்களத்தில் இருக்கிறார்கள். பண்ணை, களஞ்சியம், கடை போன்ற இடங்களில் நாய் வதைபட்டால் இவர்களுக்கு எழுதுவது பலன் தரும்.

மூன்றாவது பொலிசும் அரச வழக்குரைஞரும். 10 ஆம் வட்டாரப் பொலிஸ் நிலையம் நம் கடைகளுக்கு நடுவிலேயே, ரூ லூயி பிளானில் இருக்கிறது. எந்த நிலையத்திலும் முறைப்பாட்டை ஏற்கத்தான் வேண்டும். 'இது எங்கள் பகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அரச வழக்குரைஞருக்குக் கடிதமாகவும் எழுதலாம். அப்போது சம்பவம் நடந்த இடம் முக்கியம். பாரிசுக்குள் என்றால் போர்த் த கிளிஷியில் உள்ள நீதிமன்றம். லா கூர்நேவ், சென் தெனி என்றால் பொபினி. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்திருங்கள். நாயை உடனே அங்கிருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்கும்படி உத்தரவிட வழக்குரைஞரால் முடியும். வழக்கு முடியும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் சாட்சிதான், வழக்காளி அல்ல. பதிவு செய்து ஐந்து வருடமான மிருகப் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றத்தில் வழக்காளியாகச் சேரலாம். சட்டத்தரணிச் செலவு உங்கள் தலையில் விழாது. இதைத் தெரியாமல்தான் நம்மவர்கள் பலர் பின்வாங்குகிறார்கள்.

இன்னொருவரும் உங்களுக்குத் துணை: மிருக வைத்தியர். சந்தேகப்படும் வதையை அரச வழக்குரைஞருக்குத் தெரிவிக்க 2021 சட்டம் அவர்களுக்கு வழி விட்டிருக்கிறது. தொழில் இரகசியம் என்று அவர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

தம்பியின் கொப்பியில் ஒன்பது நாள் நிறைந்தபோது படிவத்தை நிரப்பி அனுப்பினோம். சங்கத்தார் இரண்டு தரம் வந்தார்கள், கதவு திறக்கவில்லை. மூன்றாம் தரம் பொலிசோடு வந்தார்கள். அந்த நாயை ஒரு கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதைத் தம்பியின் மனைவி யன்னலில் நின்று பார்த்திருக்கிறார். இன்றுவரை அயலில் யாருக்கும் தெரியாது யார் எழுதியதென்று.

குட்டியை வாங்குமுன்

நாய் வதை அடியில் மட்டும் இல்லை, வியாபாரத்திலும் இருக்கிறது. கே த லா மெஜிஸ்ரியில், சேன் நதிக்கரையில், கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிகளை அடுக்கி வைத்திருந்த கடைகளை நினைவிருக்கிறதா? பிள்ளைகள் மூக்கை அழுத்தி வைத்துப் பார்ப்பார்கள். 2024 சனவரி 1 முதல் செல்லப்பிராணிக் கடையில் நாயும் பூனையும் விற்பது தடை. சந்தையிலும் வீதியோரத்திலும் விற்பது அதற்கு முன்பே தடை. கடை மூடியதும் வியாபாரம் கார் தரிப்பிடத்துக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. மருமகன் இணைய விளம்பரத்தில் பார்த்து, ஒரு பேரங்காடியின் தரிப்பிடத்தில், கார்ப் பின்பெட்டியிலிருந்து 600 யூரோவுக்கு ஒரு குட்டியை வாங்கி வந்தான். கையோடு நீல நிறக் கடவுச்சீட்டும் கொடுத்திருந்தார்கள். வயது பதினாறு கிழமை என்று இருந்தது. மூன்றாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. இரத்தமாக வயிற்றால் போனது. அந்த மணத்தை மறக்க முடியாது. மிருக வைத்தியர் வாயைத் திறந்து பெருவிரலால் உதட்டை விலக்கிக் காட்டினார். பாற்பற்களே இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. பதினாறு கிழமையில் முன்பல் விழத் தொடங்கியிருக்க வேண்டும். இது ஏழு கிழமையும் ஆகாத குட்டி. தாயிடமிருந்து பறித்து, எத்தனையோ மணித்தியாலம் வண்டியில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பார்வோ நோய். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. தங்கச்சியின் மகள் அதற்கு வாங்கிய சின்னக் கழுத்துப்பட்டி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

அன்று தெரியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியை விற்கவோ இனாமாகக் கொடுக்கவோ கூடாது. வேறு ஐரோப்பிய நாட்டிலிருந்து வரும் குட்டிக்கு விசர்நோய்த் தடுப்பூசி பன்னிரண்டாம் கிழமைக்கு முன் போட முடியாது, போட்ட பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகப் பதினைந்து கிழமைக்கு முன் எந்த வெளிநாட்டுக் குட்டியும் சட்டப்படி இங்கே வந்திருக்க முடியாது. பஞ்சுபோல் கைக்குள் அடங்குகிற குட்டியை வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு காட்டினால், அந்த இடத்தைவிட்டுப் போய்விடுங்கள்.

சிப் இலக்கத்தைப் பாருங்கள். 15 இலக்கங்கள். பிரான்சில் போட்டது 250 இல் தொடங்கும். ருமேனியாவுக்கு 642, ஹங்கேரிக்கு 348. 'இங்கேயே எங்கள் வீட்டில் பிறந்தது' என்று சொல்லிக்கொண்டு 642 ஐக் காட்டுகிறவர் பொய் சொல்கிறார். விளம்பரத்தில் விற்பவரின் பதிவு இலக்கமும், குட்டியின் அல்லது தாய் நாயின் சிப் இலக்கமும், குட்டியின் வயதும் இருக்க வேண்டும். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும். பாவமாக இருக்கிறதே, இதைக் காப்பாற்றுவோம் என்று வாங்கினாலும் அந்தக் காசு அடுத்த வண்டிக்குத்தான் பெற்றோல் அடிக்கும்.

2022 ஒக்டோபர் முதல் இன்னொரு ஒழுங்கு. நாயை முதன்முதலாக எடுக்கிறவர் பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்து ஏழு நாள் கழித்துத்தான் நாய் கைக்கு வரும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவசரமாக வாங்கிக் கொடுக்கிற பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம்.

வாங்காமல் எடுக்கவும் வழியிருக்கிறது. மெற்றோ 13 இல் ஜென்வில்லியே போனால் எஸ்.பே.ஆ.வின் கிராமோன் காப்பகம். பெயரைப் பார்த்தீர்களா, அந்த 1850 சட்டத்துக்காரரின் பெயர்தான். கூடு கூடாக நாய்கள் வாசலைப் பார்த்தபடி நிற்கும். தத்துக் கட்டணம் கேட்பார்கள், ஆனால் சிப்பும் தடுப்பூசியும் அதற்குள் அடக்கம். ஒரு தரம் பிள்ளைகளோடு போய்வாருங்கள், எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

கார் து நோர் வாசலில்

கார் து நோர் ரயில் நிலைய வாசலிலும் லாச்சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழும் மடியில் குட்டியோடு காசு கேட்கிறவர்களைக் காண்பீர்கள். இதில் நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன். வீடில்லாத பலருக்கு நாய் மட்டும்தான் சொந்தம். தாங்கள் சாப்பிடுமுன் நாய்க்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய் தூங்குகிறது என்பதாலேயே மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்ட முடியாது. இரவெல்லாம் குளிரில் விழித்திருந்த நாய் பகலில் தூங்கும்.

ஆனால் சில அடையாளங்கள் இருக்கின்றன. ஒரே ஆள், கிழமைக்குக் கிழமை வேறு வேறு குட்டி. கண் திறந்தும் திறக்காத பருவத்துக் குட்டி. அறிவிப்புச் சத்தத்துக்கும் பெட்டி உருளும் சத்தத்துக்கும் காது கூட அசையாமை. இவற்றைக் கண்டால் காசு போடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்.

பறிக்க வேண்டாம். 2015 செப்டெம்பரில் பாரிஸ் நடுவில் மிருக ஆர்வலர் சிலர் வீதியில் இருந்த ஒருவரிடமிருந்து குட்டியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் பின்னால் ஓடி அழுவதையும் குட்டி கத்துவதையும் யாரோ படமெடுக்க, நாடே பார்த்தது. பறித்தவர்கள் பக்கம் பொலிஸ் திரும்பியது. குட்டி கடைசியில் அவரிடமே போய்ச் சேர்ந்தது. நாய் நேசம் என்று தொடங்கி, ஏழையை அடித்ததாக முடிந்த காரியம் அது.

காது வெட்டிய, கழுத்திலும் முன்னங்காலிலும் தழும்பு நிறைந்த நாய்களைக் கண்டால் விலகி நின்று 17 க்குச் சொல்லுங்கள். காது வெட்டுவது இங்கே தடை. சண்டைக்கு விடும் கூட்டத்தோடு நேரடியாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

விட்டுவிட்டுப் போவது

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பா படலையைச் சாத்துமுன் திரும்பிப் போய் எங்கள் நாய் வீமனின் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அது செம்மணி வெளிவரை சனத்துக்குள்ளால் எங்கள் பின்னே வந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசலில் தவறிவிட்டது. பிறகு காணவில்லை. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று அப்பா திரும்பிப் போய் அவிழ்க்காமல் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

இங்கே யாரும் துரத்தவில்லை. விடுமுறை வருகிறது, அவ்வளவுதான். யூலை, ஓகஸ்ட்டில் காப்பகங்கள் நிரம்பி வழிவதற்குக் காரணம் அதுதான். ஊருக்கோ லண்டனுக்கோ போகிறீர்கள் என்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே நாய்க்கும் இடம் பாருங்கள். நாய் விடுதி, பழகிய அயலவர், மாறி மாறிப் பார்த்துக்கொள்ள நாய் வைத்திருக்கும் இன்னொரு குடும்பம்.

'வீட்டுக்காரர் நாய் வைக்க விடுகிறார் இல்லை' என்று நாயை விட்டவர்கள் நம்மில் பலர். 1970 யூலை 9 ஆம் திகதிச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி கூடாது' என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. சத்தத்தாலோ சேதத்தாலோ தொல்லை கொடுக்கக் கூடாது, அவ்வளவே. முதலாம் வகை ஆபத்தான நாய்க்கும் சுற்றுலா வாடகை வீட்டுக்கும் இது பொருந்தாது. இந்த ஒரு பந்தி தெரிந்திருந்தால் எத்தனை நாய் வீட்டிலேயே இருந்திருக்கும்!

உண்மையிலேயே வைத்திருக்க முடியவில்லை, வேலை போய்விட்டது, வருத்தம் என்றால் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நாள் கேட்டு, கையெழுத்து வைத்து ஒப்படையுங்கள். அது குற்றமல்ல. வீதியில் அவிழ்த்து விடுவதுதான் குற்றம்.

தொலைந்த நாய் பூரியேர் என்ற அடைப்பிடத்துக்குப் போகும். அங்கே எட்டு வேலை நாட்கள்தான். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் நாய் உங்களுடையது அல்ல. சிப்பில் உங்கள் பழைய முகவரி இருந்தால் யாரைத் தேடி வருவார்கள்? நாம் லாச்சப்பலில் தொடங்கி பொண்டி, வில்பாந்த் என்று நான்கு வருடத்துக்கொரு வீடு மாறுகிறவர்கள். மின்சாரக் கணக்கை மாற்றும் நாளிலேயே சிப் இலக்கங்களைப் பதியும் ஐ-காட் பதிவேட்டிலும் மாற்றிவிடுங்கள்.

நம் வீட்டுக்குள்

நாயைக் கண்டால் கல்லெடுப்பது ஊரிலிருந்து வந்த பயம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட கதை கேட்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை கிடையாது. விசர்நோய்க்கு முதல் தடுப்பூசியைப் பாஸ்தர் ஒரு சிறுவனுக்குப் போட்டது இதே பாரிசில், 1885 யூலை 6 இல். பிரான்ஸ் 2001 இல் விசர்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நாய்களில் அந்நோயைக் கண்டது வெளியிலிருந்து ஒழுங்கில்லாமல் கொண்டுவந்தவற்றோடு சேர்ந்துதான். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ நாயைக் கொண்டுவர விரும்பினால் சிப், பிறகு தடுப்பூசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு என்ற வரிசை மாறக் கூடாது.

கறிச் சோற்று மிச்சத்தை நாய்க்குப் போடுவது அன்பு என்று நினைக்கிறோம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தை அடிக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். சொக்கிலேற்றும் ஆகாது. வெள்ளைச் சோறும் வெறும் நீரில் அவித்த இறைச்சியும் கொடுங்கள்.

கடையின் நிலவறையிலும் களஞ்சியத்திலும் காவலுக்கு நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கள்ளனுக்குப் பயந்து வைத்த நாயை இருட்டில் பூட்டி வைத்தால் அது வேலைக்காரன் அல்ல, கைதி. வெளிச்சம், தண்ணீர், ஈரமில்லாத படுக்கை, நாளுக்கு இரண்டு நடை. இவற்றைக் கொடுக்க முடியாதவர் பாதுகாப்புக் கமரா பூட்டட்டும்.

ஆவணி, புரட்டாதியில் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வரும் நாளில் நாயை வீதிக்குக் கொண்டுவராதீர்கள். மேளச் சத்தம் ஒரு பக்கம், உடைத்த தேங்காய்ச் சிரட்டை இன்னொரு பக்கம். ஒரு வருடம் பிளந்த பாதத்தோடு ஒரு சின்ன நாய் நொண்டிக்கொண்டு போனதைக் கண்டேன். பைரவரின் வாகனமான நாயை வணங்குகிறவர்கள் நாம். யூலை 14 வாணவேடிக்கைக்கும் டிசம்பர் 31 இரவுக்கும் யன்னலைச் சாத்தி, நாயோடு ஒருவர் வீட்டில் இருங்கள்.

நள்ளிரவில் நாய்க்கு ஆபத்து என்றால் மெசோன்-அல்போரில் மிருக வைத்தியக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மெற்றோ 8, நிலையத்தின் பெயரே மிருக வைத்தியப் பள்ளி. முதலில் தொலைபேசி எடுத்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் தொலைபேசியில் 17, 3677 இரண்டையும் பதிந்து வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் ஐ-காட்டில் இருப்பது இப்போதைய முகவரிதானா என்று இன்றிரவே பாருங்கள்.